கடல் நல்லா இருக்குமா?

அக்கா மெந்தகாப்பிலிருந்து கூப்பிட்டபோது நான் சைட்டில் இருந்தேன். பெரியம்மா மகள். "தம்பி, ஸ்கூல் லீவுக்குப் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு செராத்திங் போலாம்னு இருக்கோம். இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. அப்ப கடல் நல்லா இருக்குமா?"

எங்கள் குடும்பத்தில் கடல் விஷயம் என்றால் என்னிடம்தான் கேட்பார்கள். ஐந்து வருடமாக மழைக்காலத்தில் செராத்திங்குக்கு சர்ஃபிங் போகிறவன் நான். பெரிய சூரன் எல்லாம் இல்லை. பலகையில் எழுந்து நிற்கும் நேரத்தைவிடத் தண்ணீருக்குள் உருளும் நேரமே அதிகம். ஆனால் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் நிறைந்த குடும்பத்தில் நீச்சல் தெரியும் என்பதே ஒரு பட்டம் மாதிரி. கைப்பேசியை எடுத்து, அலை பார்க்கும் செயலியைத் திறந்தேன். அவர்கள் போகிற வாரம் முழுக்கப் பச்சை. "நல்லா இருக்கும்க்கா, போங்க" என்றேன். மொத்தம் பத்து வினாடி ஆகியிருக்கும். கான்கிரீட் லாரி வந்துவிட்டது, போனை வைத்துவிட்டேன்.

அந்தச் செயலி என்னைப் போன்றவர்களுக்காகச் செய்தது. அலை 1.4 மீட்டர், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே 8 வினாடி, காற்று கரையிலிருந்து கடல் பக்கமாக மெதுவாக. நம் பக்கத்துக் கடலில் அதைவிட நல்ல நாளைக் கேட்க முடியாது. பச்சை நிறம் சொன்னது அதைத்தான். அக்கா கேட்டது வேறு. பிள்ளைகள் குளிக்கிற மாதிரி இருக்குமா என்று கேட்டார். மூத்தவனுக்கு அப்போது ஒன்பது வயது. அவன் உயரமே 1.3 மீட்டர்தான் இருக்கும்.

எனக்கு 'நல்லா' என்றால் அலை இருக்க வேண்டும். அக்காவுக்கு 'நல்லா' என்றால் அலை இருக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு கடல்களைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அக்காவுக்கு அது தெரிய வழியில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் மூன்று இரவுக்குச் சாலே எடுத்துவிட்டார்கள். பணம் கட்டியாகிவிட்டது, திரும்பக் கிடைக்காது. முதல் நாள் முழுக்க மழை. பிள்ளைகள் உள்ளேயே உட்கார்ந்து மெகி சாப்பிட்டார்கள். மறுநாள் காலையில் வெயில் அடித்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. நீல வானம், கடல், முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பையன். கீழே அக்கா எழுதியிருந்தார்: "தம்பி சொன்ன மாதிரியே கடல் நல்லா இருக்கு." நான் ஒரு கட்டைவிரல் போட்டேன்.

அதற்கு அரை மணி நேரம் கழித்துக் கடல் அவனை இழுத்துக்கொண்டு போனது.

முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் நின்றிருக்கிறான். கால் வழுக்கியது, திரும்பிப் பார்ப்பதற்குள் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் இருந்தான் என்றார் அக்கா வீட்டுக்காரர். அவருக்கு நீச்சல் தெரியாது. மார்பு வரை இறங்கிக் கத்தியிருக்கிறார். பக்கத்தில் சர்ஃபிங் செய்துகொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பையன், பதினேழு பதினெட்டு வயதுதான் இருக்குமாம், பலகையில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு போய், இவனைப் பலகை மேல் ஏற்றி, நேராகக் கரைக்கு வராமல் பக்கவாட்டில் கொஞ்ச தூரம் கொண்டுபோய், பிறகு ஓர் அலையோடு சேர்த்துக் கரையில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். பையன் உப்புத் தண்ணீரை வாந்தி எடுத்தான், அழுதான், சாயங்காலம் ஐஸ்கிரீம் கேட்டான். ஒன்றும் ஆகவில்லை.

அன்று இரவு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் அலை உடைந்து வெள்ளை நுரை. வலது பக்கமும் நுரை. நடுவில் மட்டும் ஐந்தாறு அடி எடுத்து வைக்கும் அகலத்தில், நுரையே இல்லாமல், கொஞ்சம் கருத்த, அமைதியான தண்ணீர். கரையை நோக்கி அலை தள்ளிக்கொண்டு வந்த தண்ணீர் எங்காவது திரும்பிப் போயாக வேண்டும். ஆழமான ஒரு வாய்க்கால் கிடைத்தால் அதன் வழியாகத் திரும்பும். ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை. அதனால் பார்க்கிறவருக்கு அதுதான் கரையிலேயே சாதுவான இடம். எந்த அப்பாவும் பிள்ளையைக் குளிக்க வைக்க அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார். அந்த இழுவை வேகமாக ஓடும்போது ஒலிம்பிக் நீச்சல்காரனாலும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. எனக்கு இது தெரியும். நாங்கள் கடலுக்குள் சீக்கிரம் போக அதே வாய்க்காலைத்தான் லிஃப்ட் மாதிரி பயன்படுத்துவோம். நான் கட்டைவிரல் போட்ட படத்தில் அது தெளிவாக இருந்தது.

வெயில் அடித்தது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறுகிற இடம் அது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அது ஐந்து மாதமும் ஒரே மாதிரி வீசாது. வடக்கே சைபீரியா, சீனப் பக்கத்துக் குளிர்க்காற்று அவ்வப்போது பெருகி, தென் சீனக் கடல் முழுக்க வழிந்து இறங்கும். அந்தச் சில நாட்கள் மழையும் காற்றும் பேயாட்டம். வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடும். முதல் வகை எச்சரிக்கை என்றால் மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை, சிறு படகுகளுக்கும் கடல் விளையாட்டுகளுக்கும் ஆபத்து என்று பொருள். பிறகு காற்று அடங்கும், மேகம் விலகும். ஆனால் காற்று கிளப்பிவிட்ட அலை அதோடு நிற்பதில்லை. ஒன்றிரண்டு நாள் வந்துகொண்டேதான் இருக்கும். வெயில், மெல்லிய காற்று, ஒழுங்கான அலை. நாங்கள் வேலைக்கு மெடிக்கல் லீவு போட்டுவிட்டு ஓடுவது அந்த நாட்களுக்குத்தான். வானம் சிரிக்கும், தண்ணீர் இன்னும் கோபத்தில் இருக்கும். மழை பெய்த முதல் நாளில் பிள்ளைகள் சாலேக்குள் பத்திரமாக இருந்தார்கள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அக்கா, "நீ என்ன பண்ணுவ, ஆப்ல இருந்ததத்தானே சொன்ன" என்றார். பெரியம்மா மெந்தகாப் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அக்கா வீட்டுக்காரர் தன்னையே திட்டிக்கொண்டார். பழி எல்லாரிடமும் போனது, என்னிடம் மட்டும் வரவில்லை. நானாகப் போய், "என் தப்புதான்கா" என்றபோது, "லூசு மாதிரி பேசாத" என்று பேச்சை முடித்துவிட்டார். அதிலிருந்துதான் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்னதில் தவறான எண் எதுவும் இல்லை. பையனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் நான் செய்த தவறு என்ன, அல்லது தவறே இல்லையா?

வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1877இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே ஞாபகம் வருகிறது. ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழசு, பழுது பார்க்க வேண்டியது. சந்தேகம் வருகிறது. இத்தனை பயணம் போய் வந்த கப்பல்தானே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு, குடியேறிகளை ஏற்றி அனுப்பிவிடுகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் குற்றவாளி, சரி. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் குற்றம் துளியும் குறையாது என்கிறார் கிளிஃபர்ட். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி. விளைவு நல்லதா கெட்டதா என்பது கணக்கில் வராது. (கிளிஃபர்டே 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போய், சிசிலி கரைக்கு அருகே கப்பல் விபத்தில் மாட்டி உயிர் தப்பியவர். இந்த உதாரணத்தைச் சும்மா எடுத்திருக்க மாட்டார்.)

இதைப் படித்து முதலில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அந்த முதலாளி தன் சந்தேகத்தை அமுக்கினார். எனக்குச் சந்தேகமே வரவில்லையே. அமுக்குவதற்கு என்ன இருந்தது? ஆனால் யோசிக்க யோசிக்க அது தலைகீழாகத் தெரிந்தது. முதலாளியாவது பயணிகளை நினைத்துக் கொஞ்சம் தூக்கம் கெட்டார். நான் அந்தப் பத்து வினாடியில் அந்தப் பையனை நினைக்கவே இல்லை. கடலில் யார் இறங்கப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது நானும் என் பலகையும் மட்டும். கிளிஃபர்ட் சான்று போதுமா என்று கேட்கிறார். என்னிடம் சான்று ஏராளமாக இருந்தது. யாருக்காக அதைப் படிக்கிறேன் என்பதுதான் இல்லை.

சான்று ஏராளம் என்றா சொன்னேன்? அதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். அக்கா கேட்டது பதினான்கு நாளுக்கு அப்பால் உள்ள ஒரு நாளைப் பற்றி. 1963இல் எட்வர்ட் லொரென்ஸ் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியதிலிருந்து தெரிந்த விஷயம் இது: காற்றுமண்டலத்தில் தொடக்கத்தில் இருக்கும் துளி வித்தியாசம் நாளாக ஆக வளர்ந்து எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மேல், குறிப்பிட்ட ஒரு நாளின் வானிலையைச் சொல்வது நடைமுறையில் ஆகாத காரியம். அதனால்தான் ஐரோப்பிய வானிலை மையம் ஒரே கணிப்பைச் செய்யாமல், தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றி ஐம்பது தடவைக்கு மேல் ஓட்டிப் பார்க்கிறது. எல்லா ஓட்டமும் ஒரே இடத்துக்கு வந்தால் நம்பலாம். பதினான்காம் நாளில் அவை நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும்.

என் செயலியில் அந்தச் சிதறல் தெரியாது. நாளைக்கு 1.4 மீட்டர். பதினான்காம் நாளுக்கும் 1.4 மீட்டர். அதே எழுத்து, அதே அளவு, அதே பச்சை. ஒன்று கிட்டத்தட்ட உறுதி, மற்றொன்று கிட்டத்தட்ட ஜோசியம். இரண்டுக்கும் ஒரே சட்டை போட்டு நிற்க வைத்திருக்கிறார்கள். அந்த வாரம் கணிப்பு பலித்தது தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த 1.4 என்பதும்கூட எல்லா அலையும் அவ்வளவுதான் என்று சொல்வதில்லை. வருகிற அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியைப் போடுவார்கள். அதே நாளில் எப்போதாவது ஓர் அலை அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கும் வரும். முதல் வருடமே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், ஒரு நாள் தலைக்கு மேல் வந்து விழுந்தபோது நன்றாகவே புரிந்தது. அக்காவிடம் இதில் எதையும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பழக்கம் கடற்கரையில் வந்ததில்லை. நான் வடிகால் வடிவமைக்கிறவன். புதிதாக ஒரு தாமான் வந்தால் அங்கே மழைத்தண்ணீர் எப்படி ஓட வேண்டும் என்று கணக்குப் போடுவேன். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழை, நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை என்று பேசிக்கொள்வோம். வீடு வாங்குகிறவர் காதில் நூறாண்டு என்று விழுந்தால், என் பேரன் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். உண்மையில் அதன் பொருள் ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பது. முப்பது வருட வீட்டுக் கடனைக் கட்டி முடிப்பதற்குள் அந்த மழை ஒருமுறையாவது வர வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம், நான்கில் ஒன்று. 2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மேல் ஏறி உட்கார்ந்திருந்தவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று எல்லாரும் பார்த்தோம். அதற்குப் பிறகும் நான் அறிக்கையில் அதே சொற்களைத்தான் எழுதுகிறேன். எழுத வேண்டிய முறை அது. படிக்கிறவர் இன்னொரு பொறியாளர். அந்த வீட்டில் தூங்கப் போகிறவர் அதைப் படிப்பதே இல்லை. சரியான எண்ணைச் சரியான பக்கத்தில் எழுதிவிட்டால் என் கடமை முடிந்தது என்று பல்கலைக்கழகத்திலிருந்தே பழகிவிட்டேன். அக்காவின் கேள்விக்கும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறேன் போல.

இதற்கு எளிமையான தீர்வு ஒன்று இருக்கிறது, நண்பர்களிடம் சொன்னபோது எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். யார் கேட்டாலும் 'போகாதீங்க' என்று சொல்லிவிடு. மழைக்காலம், கடல் ஆபத்து, முடிந்தது கதை. யார் மூழ்கினாலும் நீ பொறுப்பில்லை.

அதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் கேட்கிறவரைப் பார்க்காமல் சொல்கிற பதில்தான். 'போங்க' என்றபோது என் ஆசையைப் பார்த்தேன். 'போகாதீங்க' என்றால் என் பாதுகாப்பைப் பார்ப்பேன். மேலும், எச்சரிக்கை சொல்கிறவனுக்கு அது இலவசம், கேட்கிறவனுக்கு இல்லை. செராத்திங் ஆற்றோரம் மழைக்காலத்தில் இழுத்துக் கட்டிக் கிடக்கும் படகுகளைப் பார்த்தால் அது தெரியும். ஒவ்வொரு எச்சரிக்கையும் யாரோ ஒருவருடைய ஒரு நாள் சம்பளம்.

வானிலைக் கணிப்பு பிறந்த கதையே இந்தச் சண்டைதான். டார்வினை ஏற்றிப்போன பீகிள் கப்பலின் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். பிற்காலத்தில் லண்டனில் அரசாங்கத்தின் வானிலைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1859 அக்டோபரில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையில், ஊர் வந்து சேரப்போகிற நேரத்தில், புயலில் சிக்கி உடைந்தது. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் புயலை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று ஃபிட்ஸ்ராய் நம்பினார். 1861இல் தந்தி வழியாகத் துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். கம்பத்தில் கூம்பு ஏறினால் புயல் வருகிறது என்று பொருள். அதே வருடம் செய்தித்தாளிலும் தினசரிக் கணிப்பு வரத் தொடங்கியது. இது தீர்க்கதரிசனம் இல்லை என்று காட்டுவதற்காகவே ஆங்கிலத்தில் இன்று நாம் சொல்லும் 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்தார். சொல்லை மாற்றி என்ன பயன்? தப்பிய நாட்களில் சிரித்தார்கள். படகை வெளியே விட முடியவில்லை என்று படகு முதலாளிகள் முணுமுணுத்தார்கள். 1865 ஏப்ரலில் அவர் தற்கொலை செய்துகொண்டார். கடன், உடல்நலம், மனச்சோர்வு என்று காரணம் பல இருந்தன, கணிப்பின் மேல் மட்டும் பழி போட முடியாது. மறுவருடம் அறிவியல் ஆதாரம் போதாது என்று ஒரு குழு சொல்ல, எச்சரிக்கைகளை நிறுத்தினார்கள். கடலோரத்திலிருந்துதான் எதிர்ப்பு வந்தது. 1867இல் எச்சரிக்கை திரும்ப வந்தது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, கடலுக்குப் போகிறவர்கள் பிழையோடுகூடிய கணிப்பையே வேண்டும் என்று கேட்டது. சரியாகவே இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. தப்பலாம் என்று தெரிந்து, வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். லண்டனில் இருந்த அறிவாளிகளுக்குத்தான் பிழை அவமானமாக இருந்தது. கூம்பு ஏறிய பிறகு போவதா வேண்டாமா என்பதை அவரவர் படகு, அவரவர் வயிறு பார்த்து முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்ய வேண்டுமென்றால் கூம்பு எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்காவுக்கு அந்த வாய்ப்பை நான் கொடுக்கவில்லை. முடிவை நானே எடுத்து, ஒரு சொல்லில் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

செராத்திங்கில் ஆற்றோரம் படகு வைத்திருக்கும் ஒரு பாச்சிக்கைத் தெரியும். இரவில் மின்மினி பார்க்க ஆட்களை ஏற்றிப் போவார். நாளைக்குக் கடல் எப்படி என்று கேட்டால், "தெங்கோக்லா எசோக்" என்பார். நாளைக்குப் பார்க்கலாம், அல்லது நாளைக்கே பார். முதலில் எரிச்சலாக இருக்கும். பிறகு இதுதான் நேர்மையான பதில் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை ஞானியாக்கிவிடவும் விருப்பமில்லை. கோலாலம்பூரிலிருந்து கார் வந்து நின்றால், மழை இருட்டிக்கொண்டு வந்தாலும் மின்மினிக்கு "ஓகே, ஓகே" என்றுதான் சொல்வார். அவருக்கும் வியாபாரம் இருக்கிறது. இருந்தாலும் ஒரு வித்தியாசம். அந்தப் படகில் அவரும் ஏறுகிறார்.

அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் சொன்ன கணிப்பில் நான் ஏறவில்லை. செயலி செய்தவரும் ஏறவில்லை. நூறாண்டு மழை என்று நான் எழுதும் தாமானில் நான் குடியிருக்கவில்லை. கணிப்பு சொல்கிற எல்லாரும் கூடவே போய்த் தண்ணீரில் நிற்க வேண்டும் என்றால் நாட்டில் வானிலைத் துறையே நடக்காது, அது தெரியும். எனக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியும், அவர்களுக்குத் தெரியாது. ஒரு கோடிப் பேருக்குப் பொதுவாகச் சொல்கிறவர் எண்ணைச் சொல்லலாம், எண்ணின் நிச்சயமின்மையைச் சொல்லலாம், அதோடு நிற்கலாம். ஒன்பது வயதுப் பையனின் பெயரும் அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதும் தெரிந்த நான் அதோடு நிற்கலாமா? மருத்துவர் ஒருவர் ஆய்வறிக்கை எழுதும்போதும் தன் தம்பியிடம் பேசும்போதும் ஒரே மாதிரியா பேசுவார்? தெரிந்தவர் என்பதால் பொறுப்பு கூடுகிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் தெரிந்தவர் என்பதால்தான் அவ்வளவு அலட்சியமாகவும் பதில் சொன்னேன். வாடிக்கையாளர் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதி, கீழே பொறுப்புத் துறப்பும் போட்டிருப்பேன்.

இன்னொன்று. அந்த மலாய்க்காரப் பையன் அன்று அங்கே இருந்ததற்குக் காரணமும் அதே பச்சை நிறம்தான். அலை நல்லா இருக்கும் என்று அவனும் பார்த்துவிட்டு வந்திருப்பான். கடல் சாதுவாக இருந்திருந்தால் ஆபத்தும் இல்லை, அவனும் இல்லை. என் தவறைக் கழித்துப் பார்க்க இதை நான் பலமுறை உபயோகித்துப் பார்த்தேன். கணக்கு சரியாக வரவில்லை. அக்கா அவனுக்குக் கொடுக்கப்போன ஐம்பது வெள்ளியை அவன் வாங்கவில்லையாம். "அலை இருக்கிற நாள்ல சின்னப் பிள்ளைங்கள இங்க விடாதீங்க, ஆன்ட்டி" என்று மலாயில் சொல்லிவிட்டு மறுபடியும் தண்ணீருக்குள் போய்விட்டான். முன்பின் தெரியாதவன். அவன் சொன்னதில் மீட்டரும் இல்லை வினாடியும் இல்லை. யார் இறங்கலாம், யார் இறங்கக் கூடாது என்பது இருந்தது.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அக்கா மறுபடியும் கூப்பிட்டார். பையனுக்கு இப்போது பதினொன்று. அவனே கேட்கிறானாம், செராத்திங் போகணும் என்று. "டிசம்பர் ரெண்டாவது வாரம். கடல் எப்படி இருக்கும்?"

நான் செயலியைத் திறக்கவில்லை. யார் யார் வர்றீங்க, சின்னவளும் இறங்குவாளா, பையன் நீச்சல் கத்துக்கிட்டானா, எத்தனை நாள் இருப்பீங்க என்று கேட்க ஆரம்பித்தேன். இரண்டு வாரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது, மூன்று நாளைக்கு முன்னால் ஓரளவு தெரியும், அன்று காலையில் கரையில் நின்று பார்த்தால்தான் நிஜமாகத் தெரியும் என்றேன். காற்று அடங்கி வெயில் அடிக்கிற முதல் நாளில்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"தம்பி, இத்தனை கேள்வி எதுக்கு? போலாமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

அக்காவுக்கு வேண்டியிருந்தது ஒரு கணிப்பு இல்லை, தலையாட்டல். அதைக் கொடுக்க மறுப்பதும் சுலபமாக இல்லை. வருடம் முழுக்க வேலை, பிள்ளைகளுக்கு ஒரே ஒரு பயணம், முன்னாலேயே பணம் கட்ட வேண்டும். "எதுவும் சொல்ல முடியாதுக்கா" என்று கையை விரித்துவிட்டால் என் நேர்மை காப்பாற்றப்படும். முடிவும் பயமும் முழுக்க அவர் தலையில் விழும்.

"போலாம்கா. ஆனா கடல்ல குளிக்கிறதா நினைச்சிப் போகாதீங்க. நீச்சல் குளம் இருக்கிற சாலேயா எடுங்க. காலையில ஆத்துல படகு, சாயங்காலம் கரையில காலு நனைக்கலாம். நானும் வர்றேன்."

"நீ எதுக்கு வர்ற? உனக்கு வேலை இல்ல?"

"லீவு போட்டுக்கிறேன்."

"சரி வா. ஆனா கடல் நல்லா இல்லன்னா உன்னத்தான் திட்டுவேன்."

"திட்டுங்க" என்றேன்.

லீவு கிடைத்துவிட்டது. பலகையைக் கொண்டுபோவதா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இரவு தூங்குவதற்கு முன் கை தானாகச் செயலியைத் திறக்கிறது. அந்த வாரம் இன்றைக்குப் பச்சை, நேற்று சிவப்பாக இருந்தது.